பி.எட். பயிற்சிக் காலத்து நாட்குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. ஆண்டுதோறும் பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருக்கும்போது திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 'ரிஃப்லெக்டிவ் ஜர்னல்' என்று கல்லூரியில் சொல்லி அனுப்புகிறார்களே, வகுப்பில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் அந்த நோட்டைப் பற்றியவைதான் எல்லாம்.

ரிஃப்லெக்டிவ் ஜர்னலும் இன்னொரு ரெக்கார்டு நோட்டுதானே?

மதிப்பெண்ணுக்காக அட்டை போட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் வரிசையில் அதுவும் ஒன்று என்பது உண்மைதான். லெசன் பிளான், அப்சர்வேஷன் ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி (வகுப்புச் சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு தேடும் சிறு ஆய்வு) என்று ஏற்கனவே ஒரு மூட்டை இருக்கிறது. ஆனால் மற்ற நோட்டுகள் எல்லாம் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைக் கல்லூரிக்குக் காட்டுபவை. வகுப்பில் நடந்ததை உங்களுக்கே காட்டும் நோட்டு இது ஒன்றுதான். வகுப்பறையில் 45 நிமிடம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஓடும்போது பார்க்க முடியாததை மாலையில் உட்கார்ந்து பார்க்கத்தான் இந்த நோட்டு.

இது எப்போதிலிருந்து வந்தது?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே எழுதியிருக்கிறார்: சிந்தனை என்பது ஒரு குழப்பத்தில், ஒரு தடுமாற்றத்தில்தான் தொடங்குகிறது என்று. பிறகு 1983-ல் டொனால்ட் ஷோன் என்பவர், நல்ல தொழில் வல்லுநர்கள் வேலைக்கு நடுவிலேயே யோசிப்பதையும் வேலை முடிந்தபின் திரும்பிப் பார்த்து யோசிப்பதையும் பிரித்துக் காட்டினார். ஆசிரியர் கல்வியில் 'ரிஃப்லெக்டிவ்' என்ற சொல் பரவியதற்கு அவர் முக்கியக் காரணம்.

நம் ஊருக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு, 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்கும் காலமும் 20 வாரமாக நீண்டது: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நான் படித்தபோது படிப்பே ஓராண்டுதான். ஜர்னல் என்ற பேச்சே கிடையாது. லெசன் பிளான் நோட்டில் இடது பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பக்கங்களில்தான் நான் எழுதத் தொடங்கினேன். யாரும் சொல்லி எழுதவில்லை, ஒரு பையன் என்னை எழுத வைத்தான்.

அப்படியானால் எதைத்தான் எழுத வேண்டும்?

அந்தப் பையனைப் பற்றியே சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்பு. இடமதிப்பு பாடம். "தொள்ளாயிரத்து ஏழு" என்று சொன்னேன். அவன் பலகைக்கு வந்து 9007 என்று எழுதினான். "இதுகூடத் தெரியாதா? உட்காரு" என்றேன். உட்காரும்போது மெல்லச் சொன்னான்: "ஆயிரம்னுதானே டீச்சர் சொன்னீங்க." எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம்.

மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இடது பக்கத்தில் எழுதினேன். அவன் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். இரவு மறுநாள் பாடம் தயாரிக்கும்போது அது கண்ணில் பட்டது. உள்ளே ஓட்டிப் பார்த்தேன்: நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு... அடுத்தது தொள்ளாயிரம். எட்டு வரை நூறு என்று முடிந்த பெயர் ஒன்பதில் ஆயிரத்துக்குத் தாவிவிடுகிறது! கீழே வந்தால் எழுபது, எண்பது, தொண்ணூறு. அங்கேயும் ஒன்பதாவது படிக்கு மேல்படியின் பெயர். அவன் தவறாகக் கேட்கவில்லை. நம் மொழி எண்ணுக்கு வைத்திருக்கும் பெயரை நன்றாகக் கேட்டதால்தான் 9007 எழுதினான். பிறந்ததிலிருந்து தமிழ் பேசி, கணக்கில் பட்டமும் வாங்கியிருந்த எனக்கு அதுவரை அது தெரியாது.

மறுநாள் எண்ணுப் பெயர்களை ஏணி போலப் பலகையில் எழுதி, "இதில் எது சேட்டை செய்கிறது?" என்று கேட்டேன். முதலில் கை தூக்கியது அவன்தான். "தொண்ணூறும் அப்படித்தான் டீச்சர்! நூறே இல்லாம நூறுன்னு சொல்றோம்!"

அதனால் என் பதில் இது. உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை சொன்ன சொல், எழுதிய எழுத்து, செய்த செயல் ஒன்றையாவது தினமும் உள்ளபடியே எழுதுங்கள். திருத்தாமல், எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், உங்கள் விளக்கத்தைக் கலக்காமல் எழுதுங்கள். "மாணவனுக்கு இடமதிப்பில் குழப்பம் உள்ளது" என்று நான் எழுதியிருந்தால் அந்த வாக்கியம் எனக்கு எதையும் காட்டியிருக்காது. விளக்கத்தை நாளைக்குக்கூட எழுதலாம். அந்தச் சொல் நாளை நினைவில் இருக்காது.

எனக்கு எழுத வருவதெல்லாம் "இன்று வகுப்பு நன்றாக நடந்தது" என்பதுதான். என்ன செய்வது?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். இப்படி ஒரு பதிவை எத்தனையோ நோட்டுகளில் பார்த்திருக்கிறேன்:

"இன்று 6-ஆம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் நடத்தினேன். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர். துணைக்கருவி பயன்படுத்தினேன். நேரம் போதவில்லை. அடுத்த முறை நேர மேலாண்மையில் கவனம் செலுத்துவேன்."

இதில் பொய் இல்லை. ஆனால் எந்த ஊரில், எந்த வகுப்பில், எந்த நாளில் நடந்ததாகவும் இது இருக்கலாம். அதே வகுப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

"1/2 + 1/3 எழுதினேன். மூன்றாம் பெஞ்சுப் பெண் 2/5 என்றாள். தப்பு என்று சொல்லி அழித்துவிட்டேன். மணி அடித்த பிறகு அவளே வந்தாள்: 'மிஸ், மொத டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு, அடுத்த டெஸ்ட்ல மூணுக்கு ஒண்ணு வாங்கினா, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?' எனக்குப் பதில் வரவில்லை. 'அது வேற, இது வேற' என்று சொல்லி அனுப்பினேன். அது ஏன் வேறு? மார்க்கில் ஒவ்வொரு டெஸ்ட்டும் தனித்தனி முழுமை. பின்னக் கூட்டலில் இரண்டு துண்டும் ஒரே முழுமையிலிருந்து வரவேண்டும். நாளை காகிதம் மடிக்கணும். அரைத் துண்டோடு இன்னொரு துண்டு சேர்த்தால் அரையைவிடப் பெரிசாகத்தான் இருக்கணும். 2/5 அரையைவிடச் சின்னது. இதை அவளையே கண்டுபிடிக்க விடணும்."

இரண்டாவது பதிவில் அழகான சொல் ஒன்றும் இல்லை. பாதி பேச்சுத் தமிழ். ஆனால் அதில் ஒரு குழந்தை இருக்கிறாள், ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, நாளைய பாடமும் இருக்கிறது. 'நேர மேலாண்மை', 'ஆர்வத்துடன்', 'திறம்பட' என்ற மூன்று சொற்களையும் ஒரு வாரத்துக்கு விலக்கி வைத்து எழுதிப் பாருங்கள். வேறு எதையாவது பார்த்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை தானாகவே வந்துவிடும்.

கல்லூரியில் ஆறு படி கொண்ட ஒரு வட்டம் கொடுத்தார்கள். அதன்படிதான் எழுத வேண்டுமா?

கிரஹாம் கிப்ஸ் 1988-ல் தந்த வட்டம் அது. என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது சரியில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்து என்ன செய்வேன் என்று ஆறு கேள்விகள். நல்ல கேள்விகள்தாம். ஆனால் தினமும் ஆறையும் நிரப்பத் தொடங்கினால் அது படிவம் பூர்த்தி செய்வதாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், உங்களை உண்மையிலேயே உறுத்திய ஒரு நிகழ்வுக்கு மட்டும் ஆறு படியும் ஏறுங்கள். மற்ற நாட்களில் முதலாவதும் கடைசியும் போதும்.

நேரமே இல்லையே? லெசன் பிளான் எழுதவே இரவு பதினொன்று ஆகிறது.

தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் பக்கக் கணக்கு வேண்டாம். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குப் போகும் வழியிலேயே இரண்டு வரி கிறுக்குங்கள், உள்ளங்கை அளவு நோட்டு போதும். மாலையில் பத்து நிமிடம், ஒரே ஒரு நிகழ்வு. ஞாயிற்றுக்கிழமை வாரத்துக் கிறுக்கல்களை வாசித்து அரைப் பக்கம் எழுதுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதாதீர்கள்; அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இருந்தால் எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும்.

நான் தமிழ் எடுக்கிறேன். கணக்கில் இருப்பதுபோல் எனக்குத் தவறுகள் தெளிவாகத் தெரிவதில்லையே?

உங்களுக்குத்தான் இன்னும் அதிகம் கிடைக்கும். குழந்தைகளின் கட்டுரை நோட்டில் 'வாளைப்பளம்' என்று இருந்தால் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், அதை அப்படியே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் சேர்த்துப் பாருங்கள். சில குழந்தைகள் வீட்டில் பேசுகிற ஒலியை அப்படியே எழுத்தாக்குகிறார்கள். அவர்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கும், ழகரம் வரும் இடமெல்லாம் ளகரமாகவே இருக்கும். சிலர் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். முன்னவருக்கு ஒலி வேறுபாட்டைக் கேட்கும் பயிற்சி வேண்டும். பின்னவருக்கு நிறைய வாசிப்பு வேண்டும். இருவருக்கும் சேர்த்து "பிழையை ஐந்து முறை எழுதி வா" என்பது இரண்டு நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான்.

அறிவியல் எடுப்பவர்களுக்கும் இதே வழிதான். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று ஒரு பிள்ளை சொன்னால், சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல் எழுதி வையுங்கள். ஒளிச்சேர்க்கை இரவில் நின்றுவிடும், சுவாசம் நிற்காது என்ற பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. இதை எப்படி எழுதிப் பார்ப்பது?

முதலில் நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். உங்களோடு பயிற்சிக்கு வந்திருக்கும் தோழியைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி எண்ணச் சொல்லுங்கள். வந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். நம் காத்திருப்பு இவ்வளவுதானா என்று திடுக்கிடுவீர்கள்.

அடுத்து, நோட்டில் ஒரு பக்கம் வகுப்பின் படம் வரையுங்கள், பெஞ்சு பெஞ்சாக. நீங்கள் யாரை எழுப்பிக் கேள்வி கேட்டீர்களோ அந்த இடத்தில் ஒரு புள்ளி. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். நான் பார்த்த படங்களில் புள்ளிகள் பெரும்பாலும் முன் இரண்டு பெஞ்சிலும் ஆசிரியர் நிற்கும் பக்கத்திலும்தான் குவிந்திருந்தன. சில நேரம் இதைவிட வேதனையான ஒன்றும் தெரியவரும். யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்பதில் ஊரின் சாதிக்கோடு தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு உட்காரும் இடத்தை மாற்றாமல் இருக்க உங்கள் மனம் இடம் தராது. வழிகாட்டி ஆசிரியரோடு பேசிவிட்டு மாற்றுங்கள்.

கோபத்தில் ஒரு பையனைத் திட்டிவிட்டேன். அதையும் எழுத வேண்டுமா? கல்லூரியில் பார்த்தால் மதிப்பெண் போகாதா?

எழுதுங்கள். பயம் இருந்தால் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று ஒப்படைக்க. உங்களுக்கான நோட்டில் ஒளிவுமறைவு கூடாது. ஒப்படைப்பதில் அதிலிருந்து நீங்கள் எதைக் கற்றீர்களோ அதை எழுதுங்கள். இது ஏமாற்று இல்லை. கிணற்றிலிருந்து இறைத்த நீரை வடிகட்டிக் கொடுப்பது போன்றதுதான்.

என்னிடம் வந்த பயிற்சி மாணவர் ஒருவர், முதல் பாடவேளையில் தூங்கும் எட்டாம் வகுப்புப் பையனை மூன்று நாள் தொடர்ந்து வெளியே நிறுத்தினார். மூன்று நாளும் நோட்டில் "கவனமின்மை" என்று எழுதியிருந்தார். நான்காம் நாள், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதுங்கள்" என்றேன். காலையில் அவன் எதுவும் சாப்பிடவில்லை. அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறார். தம்பிக்குத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். இவன் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி மாணவர் அன்று எழுதிய பக்கத்தை நான் வாசிக்கவில்லை, அவர் காட்டவும் இல்லை. ஆனால் மறுநாள் முதல் அவர் பையில் ஒரு பொட்டலம் இருந்தது.

வழிகாட்டி ஆசிரியர் என் வகுப்பை மற்றவர்கள் முன்னால் குறை சொன்னார். அழுகையே வந்துவிட்டது.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அது அவர் தவறு. ஆனாலும் அவர் சொன்னதை, குழந்தையின் சொல்லைப் போலவே, அவர் சொற்களிலேயே எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து வாசியுங்கள். சொன்ன விதத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? பலகைப் பக்கமே திரும்பிப் பேசினேன் என்றாரா? அதைத் தோழியிடம் சரிபார்க்கச் சொல்லலாம். மிச்சம் எதுவும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

குஜராத்தின் கிஜுபாய் பதேகா, வழக்கறிஞராக இருந்து குழந்தைகளின் ஆசிரியரானவர். 1930-களில் அவர் எழுதிய கதையில் வரும் ஆசிரியர், பெரிய திட்டங்களோடு நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். முதல் நாளே அமைதி விளையாட்டு தோற்று, வகுப்பு கூச்சலில் மூழ்கி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். முதல் நாள் தோல்வியை அவர் மறைத்திருந்தால் எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வந்திருக்காது.

பிள்ளைகளின் பெயரை எழுதலாமா?

வேண்டாம். 'மூன்றாம் பெஞ்சுப் பெண்', 'சைக்கிள் பையன்' என்று உங்களுக்குப் புரியும்படி அடையாளம் வையுங்கள். சாதி, குடும்பச் சிக்கல், நோய் இவற்றைப் பெயரோடு சேர்த்து எழுதவே கூடாது. நோட்டு தொலையும், பேருந்தில் மறந்துபோகும். பிள்ளைகளின் படம், விடைத்தாள் இவற்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும் இதே தவறுதான். சிரிப்புக்காக ஒரு குழந்தையின் பிழையைப் பகிர்வது எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையையோ வன்முறையையோ உங்களிடம் சொன்னால், அதை நோட்டில் எழுதி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். பயிற்சி மாணவருக்கும் அது பொருந்தும். குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சொன்னதை நம்புங்கள், அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. பள்ளியில் மூடி மறைக்கப் பார்த்தாலும் உங்கள் கடமை அப்படியேதான் இருக்கும்.

செல்போனில் எழுதலாமா?

தாராளமாக. பேருந்தில் வரும்போது பேசிப் பதிவு செய்துகொள்பவர்களும் உண்டு. வகுப்பில் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் மட்டும் தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும்.

மாதிரி ஜர்னல் கிடைக்கிறது, சீனியர் நோட்டும் இருக்கிறது. பார்த்து எழுதினால் என்ன?

மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளை சொன்னது சீனியர் நோட்டில் இருக்காது. அதை எழுதத்தானே 16 வாரம் தந்திருக்கிறார்கள்?

பயிற்சி முடிந்ததும் இந்த நோட்டை என்ன செய்வது?

முதலில் செயலாராய்ச்சிக்குத் தலைப்பு தேடி அலையாமல் இதைப் புரட்டுங்கள். மூன்று இடத்துக்கு மேல் திரும்ப வரும் சிக்கல் எதுவோ அதுதான் உங்கள் தலைப்பு. பிறகு பத்திரமாக வைத்திருங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

போன ஆண்டு வந்த பயிற்சி மாணவி ஒருவரின் நோட்டில், தொண்ணூறு எழுதச் சொன்னதற்கு ஒரு பிள்ளை 900 எழுதியதாக ஒரு வரி இருந்தது. பக்கத்தில் "ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். மறுநாள் வீட்டுப் பரணிலிருந்து என் பழைய லெசன் பிளான் நோட்டை எடுத்துவந்து, அந்த இடது பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தவர், "டீச்சர், அந்த ஏணியை நாளைக்கு நான் போடட்டுமா?" என்று கேட்டார்.